எண்ணூரில் வார்த்த இரும்பு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. மீன்கள் முட்டையிடும் பருவம் என்று வந்த தடை. 2001-ல் தொடங்கியபோது 45 நாள். 2017-லிருந்து 61 நாள். செய்தித்தாள் வாசிப்பவர்களுக்கு இது மீன் விலை ஏறும் காலம். சென்னை காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் ராமேஸ்வரத்திலும் இது மராமத்துக் காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, வர்ணம் அடிப்பது, வலை கட்டுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான் நடக்கும். இன்ஜினைத் திறப்பதும் அப்போதுதான்.

திறந்து பார்த்த பிறகுதான் அது மறுபடி கடலுக்குப் போகுமா, போகாதா என்று தெரியும். போகாது என்று முடிவான இன்ஜினின் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். குறிப்பிட்ட ஒரு படகின் இன்ஜின் அல்ல. எண்ணூரில் பிறந்து வங்கக்கடலில் உழைத்துத் தேய்ந்த லேலண்ட் இன்ஜின்கள் பலவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வாழ்க்கைதான். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கிழக்கே கைகாட்ட மட்டுமே தெரிந்த, வெம்பாக்கத்துத் தறிக்காரனான எனக்கு இதில் என்ன அக்கறை என்று யாருக்கேனும் தோன்றலாம். அந்த இன்ஜின் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை, உள்நாட்டுக்குள் வெகுதூரம் வருகிறது என்பதுதான் அக்கறைக்குக் காரணம்.

காசிமேட்டிலிருந்து கடலோரமாக வடக்கே போனால் எண்ணூர் பத்து கிலோமீட்டர் அளவுதான். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அங்கே முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்தது. 1950-ல் இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம். 1955-ல் லேலண்ட் பங்குதாரராகவே வந்து சேர்ந்ததும் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. 1959-ல் எண்ணூர் ஃபவுண்டரீஸ் என்ற வார்ப்பு ஆலையும் வந்தது. இன்ஜினின் பிளாக், ஹெட் போன்ற பெரிய வார்ப்புகள் அதன் வேலை. பிஸ்டனுக்குச் செம்பியத்தில் 1949-லேயே இந்தியா பிஸ்டன்ஸ் இருந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ். டீசல் பம்ப்புக்கும் நாசிலுக்கும் 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ. இன்று அதன் பெயர் பாஷ். பம்ப்பை விட்டுவிட்டால், இந்த இன்ஜினுக்கு வேண்டிய பெரும்பாலான பாகங்களை வடசென்னையைச் சுற்றியே தேடி எடுத்துவிடலாம் என்ற நிலை அப்போதே உருவாகிவிட்டது.

லாரிக்காரரும் சரி, படகுக்காரரும் சரி, இன்ஜினை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். 370, 400, 680. ஆறு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும் எண்கள் அவை. 370 என்றால் ஆறு லிட்டருக்குச் சற்று மேல். 680 என்றால் பதினொரு லிட்டர். படகுக்கென்று செய்தவற்றுக்கு ஏ.எல்.எம். என்ற எழுத்துகள் முன்னால் வரும். எழுத்துதான் வேறு, உள்ளே இருப்பது லாரி இன்ஜினின் அதே உடம்பு. அதே கிராங்க், அதே கனெக்டிங் ராடு, 1-5-3-6-2-4 என்ற அதே வெடிப்பு வரிசை. இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இந்த இன்ஜின் கழன்று விழும்போது அதன் பாகங்களுக்கு ஒரு விலை கிடைப்பதற்கு இந்த ஒற்றுமைதான் காரணம்.

லாரியிலிருந்து படகுக்கு வரும்போது மாறுவது குளிர்விக்கும் முறை. எரியும் டீசலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தையோ சுழலியையோ சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். லாரியில் ரேடியேட்டர் முன்னால் நின்று காற்று வாங்குகிறது. படகின் அடித்தட்டில் காற்று ஏது? அதனால் ரேடியேட்டர் இருந்த இடத்துக்கு வெப்பமாற்றி வருகிறது. நிறைய மெல்லிய குழாய்கள் அடுக்கிய ஓர் உருளை. குழாய்களுக்கு உள்ளே கடல் தண்ணீர் ஓடும், வெளியே இன்ஜினின் நல்ல தண்ணீர் ஓடும். சில படகுகளில் நல்ல தண்ணீரையே படகின் அடிப்பக்கம் வெளியே பதித்த குழாய் வழியாகச் சுற்றவிட்டு ஆறவைப்பார்கள். புகைக்குழாய் சேரும் மேனிஃபோல்டைச் சுற்றியும் தண்ணீர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மரப்படகின் இன்ஜின் அறை தீப்பிடிக்கும். கடைசியாக, லாரி கியர்பாக்ஸ் போய் முன்னும் பின்னும் மட்டும் திருப்புகிற, வேகத்தைக் குறைத்துச் சுழலிக்குக் கொடுக்கிற மரைன் கியர்பாக்ஸ் வரும்.

கடல் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு துத்தநாகத் துண்டை வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் மின்சாரம் ஓடும். எந்த உலோகம் சீக்கிரம் கரைகிறதோ அதை அது தின்னும். துத்தநாகம் தானே முன்வந்து கரைந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டிய சின்னத் துண்டு அது. சீசன் நடக்கிறது, மீன்பாடு கிடைக்கிறது, இன்னொரு தடவை போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட துத்தநாகம் எத்தனையோ இன்ஜின்களைக் கொன்றிருக்கிறது. நான் கேள்விப்பட்ட இன்ஜின் சாவுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், இவ்வளவு மலிவான ஒன்றால் நேர்வதால்.

துத்தநாகம் தீர்ந்ததும் அரிப்பு குழாய்களுக்குத் தாவும். ஒரு குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், உப்பு நல்ல தண்ணீரில் கலக்கிறது. பிளாக்கின் நீர்வழிகளில் துரு, உப்புப் படிவு. தண்ணீர் ஓடவேண்டிய வழி சுருங்கி, ஹெட்டில் ஓரிடம் மட்டும் மற்ற இடங்களைவிடச் சூடாகும். வலை இழுக்கும் நேரம்தான் இன்ஜினுக்கு அதிக பாரம். அப்போதுதான் வெப்பமானியின் முள் மேலே போகும். ஹெட் கேஸ்கெட் எரிந்து வழிவிடும். தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ இறங்கும். புகை வெளுக்கும். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால் கறுப்பு ஆயிலுக்குப் பதில் வெளிறிய பழுப்பில் குழம்பாக வரும். அனுபவமுள்ள டிரைவர் அந்தக் கணத்தில் நிறுத்திவிட்டுப் பக்கத்துப் படகுக்குச் சொல்லி இழுத்து வரச் சொல்வார். கரை தெரிகிற தூரம்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினால், தண்ணீர் கலந்த ஆயில் பேரிங் ஷெல்களைக் காப்பாற்றாது. ஷெல் உருகி கிராங்கோடு ஒட்டும். பிஸ்டன் லைனரில் இறுகிப் பிடிக்கும். சில சமயம் கனெக்டிங் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். கேஸ்கெட்டோடு போயிருக்க வேண்டிய செலவு அந்த ஒரு மணி நேரத்தில் முழு இன்ஜினாகிவிடுகிறது.

முழு இன்ஜினைத் திரும்ப வேலை செய்து எடுப்பதா, மாற்றுவதா என்பது கணக்கு மட்டுமல்ல. கிராங்கைக் கிரைண்டிங் செய்து, லைனர் பிஸ்டன் மாற்றி, ஹெட்டை முகம் சீவி, பம்ப்பைக் கேலிபரேஷனுக்கு அனுப்பி எல்லாம் பார்த்தால் இன்னும் பல ஆண்டு ஓட்டலாம். நல்ல மெக்கானிக்குகள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் படகின் உரிமையாளர் பக்கத்துப் படகைப் பார்க்கிறார். கரையோர மீன் குறைந்துவிட்டது. தூரம் போக வேண்டும், சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டும். இந்த நெருக்கடியில்தான் காசிமேட்டுக்குச் சீன இன்ஜின்கள் வந்தன. நூறு குதிரைத்திறன் அளவில் ஓடிய படகுக்குள் அதைப்போலப் பல மடங்கு சக்தியுள்ள, வேகமாகச் சுற்றுகிற இன்ஜின்கள் இறங்கின. 2018-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவற்றை எதிர்த்து மீனவர்களே போராடினார்கள். பெரிய இன்ஜின் வைத்தவர் வாரிக்கொண்டு போனால் சின்ன இன்ஜின்காரருக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. கடைசியில் 2020-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறை விதிகள் விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரைத்திறன் என்று உச்சவரம்பு வைத்தன. வரம்புக்குக் கீழேகூடப் பழைய லேலண்டை எடுத்துவிட்டுப் புதிதைப் போடும் ஆசை நிற்கவில்லை. ஆகவே கழற்றப்படும் இன்ஜின்கள் எல்லாமே செத்தவை என்று நினைக்கக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றியதும் உண்டு, இறுகிப்போனதும் உண்டு. விற்கும் இடத்தில் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கழற்ற வேண்டிய இன்ஜின் கியர்பாக்ஸோடு சேர்ந்தால் அரை டன்னுக்குக் குறையாது. வீல்ஹவுஸின் பின்பக்கப் பலகைகளை எடுத்து, மேலே குறுக்கே இரும்புக் கம்பம் போட்டு, செயின் பிளாக் மாட்டி அங்குலம் அங்குலமாகத் தூக்குவார்கள். அதற்கு முன் டீசல் வழி அடைக்க வேண்டும், கடல் தண்ணீர் வால்வை மூட வேண்டும், கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். உப்புக் காற்றில் பல ஆண்டு இருந்த போல்ட்டுகள் சும்மா திரும்பா. சூடு காட்டித்தான் பல கழலும். சில உடையத்தான் செய்யும்.

புதிதை இறக்குவது இதைவிடக் கடினம். பழைய இன்ஜினின் கால்கள் உட்கார்ந்த இடத்தில் புதியதன் கால்கள் உட்காராது. அடித்தாங்கிக் கட்டைகளைப் புதிதாகக் கட்ட வேண்டும். இன்ஜினின் சக்தி கூடினால் ஷாஃப்டின் தடிமனும் சுழலியின் அளவும் சாய்வும் அதற்கேற்ப மாற வேண்டும். இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாஃப்டையே விட்டால் நடுக்கடலில் முறுக்கி ஒடியும். எல்லாம் மாற்றினாலும் ஒரு வேலை பாக்கி. கியர்பாக்ஸின் கப்ளிங் முகமும் ஷாஃப்டின் கப்ளிங் முகமும் சுற்றிலும் ஒரே இடைவெளியில் சேர வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்து அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குக்குள். கரையில் வைத்துப் பார்த்தது கணக்கில்லை. கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும்போது படகின் உடல் ஒரு வடிவில் இருக்கும்; தண்ணீரில் மிதக்கும்போது சற்றே வேறு வடிவுக்கு நெகிழும். அதனால் தண்ணீரில் விட்டு, டீசலும் ஐஸும் ஏற்றிய பாரத்தில் மறுபடி பார்த்துத் தகடு வைத்துச் சரிசெய்கிற மெக்கானிக்தான் மெக்கானிக். இதை முறையாகச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் எந்தச் சான்றிதழும் இல்லாதவர்கள். சின்ன வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க வந்து, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள்.

கழற்றிய இன்ஜின் கரையில் தார்ப்பாயின் மேல் இருக்கிறது. அப்படியே முழுதாக விற்றால் காயலான் கடைக்காரர் எடைக்கு ஒரு விலை சொல்வார். பிரித்து விற்றால் பல மடங்கு வரும். ஆனால் பிரிக்கத் தெரிய வேண்டும், காத்திருக்க வேண்டும். புது இன்ஜினுக்கு வாங்கிய கடனின் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லோராலும் காத்திருக்க முடியாது. முடிந்தவர்களுக்கு முதலில் கைமாறுவது டீசல் பம்ப். ஆறு சிலிண்டருக்கும் நூலளவு பிசகாமல் டீசல் அளந்து கொடுக்கும் இந்தப் பம்ப்புதான் பழைய டீசல் இன்ஜினில் விலை மதிப்புள்ள பாகம். 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்று புகை விதிகள் இறுகிய பிறகு புது லாரிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுக்குள் எல்லாம் போய்விட்டது. பழைய பம்ப்பை நம்பி ஓடும் வண்டிகளும் படகுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய பம்ப் பழைய இன்ஜின்களிலிருந்தே வர வேண்டும்.

அடுத்தது செல்ஃப் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும். இவை ஓடினால் பாகமாக விற்கும், ஓடாவிட்டால் உள்ளே உள்ள செம்புக் கம்பிக்காக விற்கும். மரைன் கியர்பாக்ஸ் நன்றாக இருந்தால் துறைமுகத்தைத் தாண்டிப் போகாது. வேறொரு படகுக்காரர் அங்கேயே பேசி முடித்துவிடுவார். வெண்கலச் சுழலியும் அப்படித்தான், முனை மடங்கியிருந்தால் தட்டி நேராக்கிக்கொள்வார். வெப்பமாற்றியை வாங்குபவர் குறைவு. வாங்கவும் கூடாது என்பேன்; உள்ளே எந்தக் குழாய் நாளைக்கு ஓட்டையாகும் என்று வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்ல முடியாது.

கிராங்க் வேறு ரகம். அதன் வாழ்க்கை கணக்கிட்டுக் கொடுத்த வாழ்க்கை. பேரிங் உட்காரும் இடங்கள் தேய்ந்தாலோ கீறல் விழுந்தாலோ அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து என்ற கணக்கில் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்குத் தடித்த ஷெல் போடுவார்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது. அதற்கு மேல் பெரும்பாலும் இல்லை. வெப்பத்தால் கடினப்படுத்திய மேல்தோல் தீர்ந்துவிடும். எத்தனையாவது கிரைண்டிங் என்பதைச் சில பட்டறைகளில் கிராங்கின் பக்கவாட்டிலேயே எண் குத்திவைப்பார்கள். அந்த எண்ணைக் குத்தாமல் அனுப்புகிற பட்டறைக்குக் கிராங்கைக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பார். கையில் மைக்ரோமீட்டர் இல்லாதவருக்கு அந்த எண்தான் சாட்சி. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டுவார்கள். நல்லது நெடுநேரம் ஒலிக்கும், வெடித்தது உடனே அடங்கும். இன்னொரு சோதனை உண்டு. மண்ணெண்ணெய் பூசி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளவில் ஒளிந்திருந்த எண்ணெய் வெள்ளைப் பொடியில் கோடாக எழும்பி வரும். காந்தப் பொடிச் சோதனை இதைவிடத் துல்லியமானது, அந்த வசதியுள்ள பட்டறைகள் நகரத்தில் இருக்கின்றன. ஆனாலும் இந்த இரண்டு பழைய சோதனைகளும் இன்றும் ஆளைக் காப்பாற்றுகின்றன.

இந்த இடத்தில் எனக்கு அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடலுக்குத் திரும்பப் போகும் பாகத்தையும் கரையில் ஓடப்போகும் பாகத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. ஒட்டுப்போட்ட ஹெட் ஒரு லாரியில் போனால், உளுந்தூர்பேட்டை அருகே சாலையோரம் நின்றுவிடும். டிரைவர் இறங்கிக் கல் வைத்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்வார். அதே ஹெட் கரையிலிருந்து நாற்பது கடல் மைல் தள்ளி நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை எங்கே கொண்டுபோகும் என்று சொல்ல முடியாது. பாக் நீரிணையில் என்றால் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் ஆறேழு பேர் சிறைக்குப் போவதில் முடியலாம். விற்கிறவருக்கு இது தெரியும். வாங்குகிறவர் என்ன வேலைக்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். படகுக்கு என்றால் இது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லி வியாபாரத்தை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

படகுக்கு ஆகாதவை நகரத்துக்குள் போகின்றன. சென்னையில் கூவம் கரையோரம் புதுப்பேட்டை. உடைத்த வண்டிகளின் பாகங்கள் கடைக்குக் கடை குவிந்திருக்கும் பேட்டை, எழும்பூருக்குப் பக்கத்தில். லாரிக்கு ஒரு பாகம் தேடி வருகிறவர் அது சாலையில் ஓடியதா, கடலில் ஓடியதா என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. நீர்வழித் துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். கடலுக்குப் போய்வந்த இரும்பின் துரு பொருக்குப் பொருக்காக விரலோடு வரும்.

பிறகு உள்நாடு. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். சென்னைக்கு வெளியே பகலில் பாதி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. எங்கள் வெம்பாக்கம் பக்கம் தறிக்குக் கரண்ட் வேண்டாம், கையும் காலும் போதும். ஆனால் ஆரணி, செய்யாறு வட்டாரத்து அரிசி ஆலைகளும் கல்யாண மண்டபங்களும் ஐஸ் கம்பெனிகளும் ஜெனரேட்டர் இல்லாமல் நடக்க முடியாத காலம் அது. புது ஜெனரேட்டர் வாங்க முடியாதவர்கள் பழைய லேலண்ட் இன்ஜினோடு ஆல்டர்னேட்டரைக் கோத்துக் கொடுக்கும் பட்டறைகளைத் தேடினார்கள். படகிலிருந்து வந்த இன்ஜினுக்கு இங்கே எல்லாம் தலைகீழ். வெப்பமாற்றியைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ரேடியேட்டர், விசிறி. தண்ணீர் சூழ்ந்த மேனிஃபோல்டுக்குப் பதில் சாதாரண மேனிஃபோல்டு. படகில் வேகம் கூடலாம் குறையலாம். ஜெனரேட்டரில் அது கூடாது. நான்கு துருவ ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்குச் சரியாக 1,500 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். அரவை மோட்டார் கிளம்பும் நொடியில் பாரம் ஏறினாலும் சுற்று இறங்காமல் பிடிக்கும்படி பம்ப்பின் கவர்னரை மாற்றியமைக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யாத ஜெனரேட்டரில் விளக்கு மூச்சு வாங்கும், மோட்டார் காயில் எரியும்.

தறிக்காரன் கண்ணுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. ஒரு வீட்டில் தறி நின்றால் ஜக்கார்டு பெட்டி ஒரு வீட்டுக்கும், அச்சு இன்னொரு வீட்டுக்கும், மிதிக்கட்டைகள் வேறொரு வீட்டுக்கும் போகும். எந்தப் பெட்டியில் எந்தக் கொக்கி வளைந்தது என்று கொடுக்கிறவர் சொல்லிக் கொடுப்பார். வாங்குகிறவர் சொந்தக்காரர், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். இன்ஜின் பாகம் முகம் தெரியாதவருக்குப் போகிறது. தறிப் பெட்டிக்கு வாயால் சொன்னது போதும். இன்ஜின் பாகத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் வழி. கழற்றிய தேதி, ஏன் கழற்றினோம், உப்புத் தண்ணீர் உள்ளே போனதா, கிராங்க் எத்தனையாவது கிரைண்டிங் என்று ஒரு துண்டுக் காகிதம் போதும். ஐந்து நிமிட வேலை.

எல்லா இன்ஜினுக்கும் இப்படி நிதானமாகப் பிரியும் பாக்கியம் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் துறைமுகத்து விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையில் கிடந்தன. தண்ணீருக்குள் மூழ்கிய இன்ஜினைவிட மூழ்கி எடுத்து வெயிலில் விட்ட இன்ஜின்தான் வேகமாகக் கெடும். தண்ணீருக்குள் காற்று குறைவு. வெளியே வந்தவுடன் ஈர உப்பும் காற்றும் சேர்ந்து சில மணி நேரத்திலேயே லைனரில் துரு கட்டும். எடுத்தவுடன் நாசில்களைக் கழற்றி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, டீசலோ ஆயிலோ ஊற்றி, கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வாரத்தில் யார் அதைச் செய்ய முடியும்? வீட்டு மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின்கள் இறுகின. காப்பாற்றத் தெரிந்தும் காப்பாற்ற முடியாமல் போனவை அவை.

இன்னொரு வகை இருக்கிறது, இதைவிட நெஞ்சை அறுப்பது. இலங்கைக் கடற்படை பிடித்த தமிழ்நாட்டுப் படகுகள். பெரும்பாலும் மீனவர்கள் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்புகிறார்கள், படகு திரும்புவதில்லை. இலங்கைத் துறைகளில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் அவற்றில் மழைத்தண்ணீர் தேங்கி, இன்ஜின் அறை நிறைந்து, பாதி மூழ்கிப்போகும். 2022 பிப்ரவரி 7 முதல் 11 வரை இலங்கை அரசு அவற்றில் 105 படகுகளை ஏலம் விடுவதாக அறிவித்தது. காரைநகரில் 65, கிராஞ்சியில் 24, தலைமன்னாரில் 9, காங்கேசன்துறையில் 5, கற்பிட்டியில் 2. தமிழ்நாடு அரசு 108 விசைப்படகுகளுக்குத் தலா 5 லட்சம், 17 நாட்டுப்படகுகளுக்குத் தலா ஒன்றரை லட்சம் என்று 5.66 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. எல்லை தாண்டுவதும் இழுவை மடியால் அக்கரைத் தமிழ் மீனவரின் வலையும் கடலும் கெடுவதும் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்ததும் அவர்கள் கேட்டுத்தான். ஆனாலும் ஒரு படகில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்ப்பும் கியர்பாக்ஸும் யாருக்கும் உதவாமல் உப்பில் ஊறி அழிவதைப் பார்க்கும்போது இரு கரையிலும் உள்ள மெக்கானிக்குகளுக்கு மனம் பதைக்கும். ஐந்து லட்சத்தில் ஒரு படகும் இன்ஜினும் வாங்க முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கரையில் பிரித்த இன்ஜினுக்குத் திரும்புவோம். பம்ப் போயிற்று, கிராங்க் போயிற்று, கேம் ஷாஃப்ட், ராக்கர், ஃப்ளைவீல், ஆயில் பம்ப் எல்லாம் போயின. உடைந்த பிஸ்டன்கள் அலுமினியமாகவும் உருகிய ஷெல்கள் சில்லறையாகவும் போயின. சம்ப்பில் இருந்த கறுப்பு ஆயிலை மணலில் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு, கொட்டக் கூடாது. அதே கரையில்தான் நாளைக்கு மீன் காய வைக்கிறோம். டின்னில் பிடித்து, பழைய ஆயிலைச் சுத்திகரிக்கும் இடத்துக்கு அனுப்பலாம், அதற்கும் ஒரு விலை உண்டு.

மிஞ்சுவது பிளாக். இன்ஜின் எண் இதன்மேல்தான் குத்தியிருக்கும். படகின் பதிவுச் சான்றிதழில் ஏறிய எண் அது; இன்ஜினை மாற்றினால் மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லிப் புது எண்ணை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஆய்வில் நிற்கும்போது படகு ஒன்று, காகிதம் ஒன்று என்று ஆகும். ராடு குத்திய ஓட்டை சின்னதாக இருந்தால் பிளாக்கையும் காப்பாற்றுகிறார்கள். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்தால் சூட்டில் பக்கத்திலேயே வெடிக்கும் என்பதால், வெடிப்பின் குறுக்கே உலோகப் பூட்டுகளைத் தட்டி இறக்கி, வழி நெடுக ஸ்க்ரூக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி முறுக்கித் தைப்பார்கள். மெட்டல் ஸ்டிச்சிங் என்று பெயர். தைத்த பிளாக் கரையில் ஜெனரேட்டருக்கு ஆகும். ஓட்டை பெரிதென்றால் எடைத் தராசுதான். ஃபவுண்டரிக்காரர்கள் இன்ஜின் பிளாக் இரும்பை விரும்பி வாங்குவார்கள். கலவை நன்றாக இருக்கும். சம்மட்டியால் உடைத்து, கோக் கரியோடும் சுண்ணாம்புக் கல்லோடும் சேர்த்து உலையில் போட்டால் சில மணி நேரத்தில் உருகி ஓடும். எஃகுத் துண்டுகள் கும்மிடிப்பூண்டி உருக்கு உலைகளுக்குப் போய்க் கட்டுமானக் கம்பியாகலாம். வார்ப்பிரும்பு கோயம்புத்தூருக்குப் போனால் பெரும்பாலும் பம்ப்செட்டின் உடம்பாகும். அங்கே வார்த்த மோனோபிளாக் பம்ப்புகள் பாலாற்றுக்குத் தெற்கே எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. எந்தப் பம்ப்பில் எந்தப் படகின் இரும்பு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. உலைக்குப் போகுமுன் பிளாக்கில் குத்திய இன்ஜின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, பழைய இன்ஜின் உடைக்கப்பட்டது என்று துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உருகிப்போன இன்ஜின் காகிதத்தில் மட்டும் இன்னும் காசிமேட்டில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் படகுக்குப் புது எண்ணில் மானிய டீசல் வாங்கப் போகும்போது தடை வந்து நிற்கும்.